ஆளுக்கு நாலுதான்

திருச்சியில் ஒரு வங்கியில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டிவிட்டு 2013-இல் ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் கிளியரிங் பிரிவில். கட்டுக் கட்டாகக் காசோலைகள் வரும். தேதி பார்க்க வேண்டும், எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும், முத்திரை குத்திப் பையில் போட்டு அனுப்ப வேண்டும். காசோலை ஊர் ஊராகப் பயணம் போன காலம் அது. 2008-இல் டில்லியிலும் 2011-இல் சென்னையிலும், ஸ்கேன் எடுத்துப் படத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் காகிதம் போட்ட இடத்திலேயே கிடந்தது. நான்தான் கிளம்பி வீட்டுக்கு வந்தேன்.

மறு வருடம் நியூ ஜெர்சியில், எடிசனில், மகள் வீட்டில் ஆறு மாதம். என் மனைவிக்கு அங்கே சமையலறை இருந்தது, பேரன் இருந்தான், வாரத்துக்கு மூன்று விதமான பொடி இடிக்கும் திட்டம் இருந்தது. எனக்கு ஒரு ரிமோட் இருந்தது. அதிலும் பேரன் பங்கு கேட்டான். கார் ஓட்டத் தெரியாதவனுக்கு அந்த ஊரில் வாசற்படி வரைதான் சுதந்திரம். மூன்று வேளை சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு வேளை வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சம்பந்தமே இல்லாத மாநிலங்களின் பனிப்பொழிவெல்லாம் அத்துப்படி.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் என்றால் நம்மூர் மாதிரி இல்லை, தூக்கிப் போட்டால் பூனை செத்துப்போகும். பிரித்ததும் உள்ளேயிருந்து வழவழவென்று வண்ணத்தாள் புத்தகம் ஒன்று நழுவி விழுந்தது. மாப்பிள்ளை அதை எடுத்து நேராகப் பழைய பேப்பர் தொட்டிக்குக் கொண்டுபோனார். "என்ன அது?" என்றேன். "கூப்பன் மாமா. ஷாம்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கெல்லாம் அம்பது சென்ட், ஒரு டாலர் குறைப்பாங்க. நாங்க பார்க்கிறதில்லை."

வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியை மாற்றினேன். படிக்கப் படிக்கக் கை லேசாக நடுங்கியது. மேலே காலாவதித் தேதி. பக்கத்தில் தொகை. கீழே, இந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளும் கடைக்காரருக்கு, முகமதிப்போடு கையாளும் கூலியாக 8 சென்ட்டும் சேர்த்துத் தருகிறோம் என்று கம்பெனியின் உறுதிமொழி. எங்கே அனுப்ப வேண்டும் என்ற முகவரி. இது கூப்பன் இல்லை, காசோலை! கம்பெனி எழுதுகிறது, கடை பணம் கொடுக்கிறது, பிறகு கடை அதைக் கம்பெனியிடம் வசூல் செய்துகொள்கிறது. கடைகளில் சேரும் கூப்பன்கள் மூட்டை மூட்டையாகக் கிளியரிங் ஹவுஸ் என்றே பெயர் கொண்ட இடங்களுக்குப் போகின்றன, மெக்சிகோ எல்லைப் பக்கத்துக் கிடங்குகளில் ஆட்கள் உட்கார்ந்து கையால் பிரிக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தின் ஒரு மூலையில் என் ஜாதிக்காரர்கள் இன்னும் பிழைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வரியும் இருந்தது: ரொக்க மதிப்பு, ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு. சில மாநிலங்களில் இப்படிப்பட்ட சீட்டுக்கு ஏதாவது ஒரு ரொக்க மதிப்பு இருந்தே தீர வேண்டும் என்று பழைய சட்டம். சட்டத்தை மீறவும் கூடாது, காசு கொடுக்கவும் கூடாது. அதற்கு இப்படி ஒரு வழி. பத்தாயிரம் கூப்பனைச் சேர்த்துக் கொண்டுபோனால் ஒரு டாலர். அதையும் ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்தேன். அவ்வளவு பேப்பர் அந்தத் தெருவில் கிடைக்காது.

இந்த வித்தையைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது கோக கோலா. 1880-களின் கடைசியில் அட்லாண்டாவில், ஒரு கிளாஸ் இலவசம் என்று சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். 1894-க்கும் 1913-க்கும் இடையில் மட்டும் 85 லட்சம் கிளாஸ் ஓசியில் ஊற்றியதாகக் கம்பெனியே கணக்கு சொல்கிறது. கிளாஸ் 5 சென்ட். முதல் கிளாஸ்தான் ஓசி. பிறகு கிரேப் நட்ஸ் என்ற காலை உணவுக்கு ஒருவர் ஒரு சென்ட் கூப்பன் போட்டார். அதில் கிரேப்பும் கிடையாது, நட்ஸும் கிடையாது. ஒரு சென்ட் தள்ளுபடி மட்டும் நிஜம்.

பேப்பர் வந்த மறுநாளே சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் என் ஆபீஸ் திறக்கப்பட்டது. கத்தரிக்கோல், அடிக்கோல், சிவப்புப் பேனா. பேஸ்பால் வீரர்களின் படம் சேகரிக்கும் பையன்களுக்கென்று, பக்கத்துக்கு ஒன்பது அறை வைத்த பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள். கூப்பன்காரர்கள் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். மகளிடம் சொல்லி வாங்கினேன். காலாவதி வரிசைப்படி அடுக்கினேன். காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவேன். "ஏங்க, காபி சீட்டுக்கே கொண்டு வரவா, கேன்டீனுக்கு வர்றீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கிண்டல்தான். ஆனாலும் சரியாகப் பதினொரு மணிக்கு வரும்.

ஒரு பேப்பருக்கு ஒரு புத்தகம்தான். ஒரே கூப்பன் நாலைந்து வேண்டுமென்றால் நாலைந்து பேப்பர் வேண்டும். அக்கம்பக்கத்தார் பழைய பேப்பரை மறுசுழற்சிக்காக வாரம் ஒருநாள் வாசலில் வைப்பார்கள். தொடாத, மடிப்புக் கலையாத கூப்பன் புத்தகங்கள் அதற்குள் தூங்கிக்கொண்டிருக்கும். விடிவதற்கு முன் குரங்குக் குல்லாவோடு கிளம்பினேன். மூன்றாவது வாரம் எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார். என்ன நினைத்தாரோ, அன்று மாலை ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து மகளிடம் கொடுத்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த அம்மாள் மட்டும் அதற்கப்புறம் தன் வீட்டுக் கூப்பனைத் தனியாக எடுத்து மேலே வைக்க ஆரம்பித்தார்.

முதல் போரில் எனக்குத் தோல்வி. 2 டாலர் பற்பசை, கையில் 2 டாலர் கூப்பன். இலவசம். பில் போட்ட பெண் 14 சென்ட் கேட்டாள். அப்போது நியூ ஜெர்சியில் விற்பனை வரி 7 சதவீதம். இலவசப் பொருளுக்கு என்ன வரி என்று நின்ற இடத்திலேயே வாதாடினேன். பின்னால் வரிசை வளர்ந்தது. மாப்பிள்ளை அலமாரிச் சாக்லெட்டுகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து விதியைப் படித்ததும்தான் தெளிந்தது. கடையே தருகிற தள்ளுபடி என்றால் குறைந்த விலைக்கு வரி. கம்பெனி கூப்பன் என்றால், கம்பெனியிடமிருந்து கடைக்கு முழுப் பணமும் வந்துவிடுகிறது, ஆகவே முழு விலைக்கும் வரி. காசோலைதான் என்று நான் அன்றைக்கே சொன்னேனே! தோற்றாலும் என் கட்சி ஜெயித்தது.

இன்னொரு நாள், சமையலறைத் துடைப்புத் தாள் தள்ளுபடியில் என்று போனால் சரக்கு தீர்ந்துவிட்டது. கடைப்பெண் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து "ரெயின் செக்" என்றாள். வெளியே எட்டிப் பார்த்தேன், சுள்ளென்று வெயில். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால் இன்னொரு நாள் வர அனுமதிச் சீட்டு கொடுப்பார்களாம், அந்தப் பெயராம். சரக்கு வந்ததும் அதே தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஃபைலில் "நிலுவை" என்று ஒரு பக்கம் திறந்தேன்.

கடைசியில் வந்தது கடுகு. உணவுப் பண்டம், வரி கிடையாது. புட்டி 1 டாலருக்குத் தள்ளுபடியில் இருந்தது. கூப்பன் 50 சென்ட். அந்தக் கடையில் 99 சென்ட்டுக்கு உட்பட்ட கூப்பனை இரட்டிப்பாக்குவார்கள். ஆக மொத்தம் சுழியம். கையில் பன்னிரண்டு கூப்பன். சிக்கல் என்னவென்றால், ஆளுக்கு நாலுதான்.

காரிலேயே திட்டத்தை விளக்கினேன். மூன்று வரிசை, மூன்று பேர். கடைக்குள் போனபிறகு யாரும் யாருக்கும் உறவில்லை. "கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு உங்களைத் தெரியாதுன்னு சொல்லணுமா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். "முன்னாடியே கேட்டிருக்கலாமே."

மாப்பிள்ளை மூன்றாம் வரிசையில் குனிந்த தலை நிமிராமல் நின்றார். எல்லாம் நன்றாகத்தான் போனது. என் புட்டிகள் நான்கும் பில்லாகி, கடை கார்டைத் தேய்த்து, கூப்பன் ஏறி, சுழியம் என்று திரையில் விழுந்த அந்த நொடியில், இரண்டு வரிசை தாண்டி வெண்கலக் குரல் கேட்டது. "ஏங்க, அந்தக் கடை கார்டு உங்ககிட்டதானே இருக்கு!"

கடையே திரும்பிப் பார்த்தது. கார்டு இல்லாமல் இரட்டிப்பு ஆகாது என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் வரிசையில் இருந்த வயதான கேஷியர் அம்மாள் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "உங்கள் கணவரா?" என்று கேட்டிருக்கிறார். என் மனைவி நிதானமாகச் சொன்ன பதில்: "யெஸ். பட் செபரேட் பில்." அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் நான்கு புட்டியும் தாண்டிப் போய்விட்டன.

பன்னிரண்டு புட்டியை மேசையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது வந்த நிம்மதி, ஒன்றைத் திறந்து நக்கிப் பார்க்கும்வரை நீடித்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இது மஞ்சளாகப் பெருத்து, புளித்து, காரத்தை வழியில் எங்கோ இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தது. அந்த வீட்டில் ஹாட் டாக் யாரும் தின்பதில்லை. என் மனைவி ஒரு கரண்டியை மாங்காய்ப் பச்சடியில் கலந்து பார்த்தாள். "வித்தியாசமா இருக்கு அத்தை" என்றார் மாப்பிள்ளை. மாப்பிள்ளைமார் வாயில் அதற்கு மேல் கடுமையான சொல் வராது.

அன்று இரவு மகள் கணக்குக் கேட்டாள். ஒவ்வொரு பில்லின் அடியிலும் நீங்கள் மிச்சப்படுத்தியது இவ்வளவு என்று அச்சடித்திருக்கும். அதையெல்லாம் கூட்டிக் காட்டினேன், 212 டாலர் சொச்சம். "சரிப்பா. ஆனா போன மாசத்தைவிட இந்த மாசம் கடைச் செலவு கூட ஆகியிருக்கு. மிச்சம் பிடிச்சதெல்லாம் எங்கே?" அலமாரியைத் திறந்து காட்டினேன். இருபத்தொரு பற்பசை. நாய் வளர்க்காத வீட்டில் மூன்று டப்பா நாய் பிஸ்கட். அவள் அலமாரியை மெதுவாகச் சாத்தினாள். கிளம்பும்போது என் பங்கு 23 கிலோ பெட்டி இரண்டிலும் அவளே கைப்பட பற்பசையாக அடுக்கிக் கொடுத்தாள். தில்லை நகர் முதல் உறையூர் வரை எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு வருடம் அமெரிக்கப் பல் துலக்கினார்கள்.

2023-இல் மறுபடி போனேன், அதே உறை, அதே கத்தரிக்கோலோடு. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் நோஞ்சானாக இருந்தது. உதறினேன், ஒன்றும் விழவில்லை. கடையில் விலைச்சீட்டுக்குக் கீழே "டிஜிட்டல் கூப்பனுக்கு மட்டும்" என்று போட்டிருந்தது. போனில் செயலியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டினால் கணக்கில் ஏறிக்கொள்ளுமாம். பேரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மேசையில் நான் உறையைப் பிரிப்பதற்குள் எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு, "டன், தாத்தா" என்றான். சென்னையில் ஸ்கேனர் வந்த நாளில் எங்கள் மேனேஜரும் இதே குரலில்தான் சொன்னார். மனைவி பதினொரு மணிக்குக் காபி கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாள். அந்த ஊர் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் ஒரு பிடி கறிவேப்பிலைக்குக்கூடத் தனியாகக் காசு. அதற்குக் கூப்பனும் கிடையாது. நாங்கள் சீக்கிரமே ஊர் திரும்பினோம்.

வந்த மறுநாள் உறையூரில் எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போனோம். கால் கிலோ தக்காளி, ஒரு முருங்கைக்காய், இரண்டு எலுமிச்சை. வண்டிக்கார அம்மா பையில் போட்டு, மேலே கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைத்தார். நான் பையை மூடாமல் நீட்டியபடியே நின்றேன்.

"ஆளுக்கு ஒரு கொத்துதான் சார். கறிவேப்பிலை விக்கிற விலைக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது."

சரிதான் என்று மனைவியைத் தேடித் திரும்பினேன். பக்கத்தில் காணோம். வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து, என்னை ஜென்மத்தில் பார்த்திராத முகத்தோடு, "இது கிலோ என்ன விலைம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.