மாமா பதில்கள்: விபிஎன் வாரம்

(இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் விபிஎன். சினிமாக் கேள்வி கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பல்லைக் கடித்துக்கொள்ளவும்.)

கேள்வி: மருமகன் துபாயில். வாட்ஸப் காலில் பேச விபிஎன் போட்டிருக்கிறாராம். அது என்ன வஸ்து, ஐயா?
(ஒரு மாமியார், கீழக்கரை)

மருமகன் போனிலிருந்து வேறொரு நாட்டுக் கம்ப்யூட்டர் வரை போகும் மறைவழி. உள்ளே என்ன போகிறது என்று நடுவில் நிற்கும் துபாய் நெட்வொர்க்குக்குத் தெரியாது. ஆனால் யார், எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று மறைவழியை நடத்துகிற கம்பெனிக்குத் தெரியும். ஆக, சந்தேகப்பட வேண்டிய ஆள்தான் மாறியிருக்கிறார். சந்தேகம் அப்படியே இருக்கிறது. மாமியார்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: மாட்டினால் என்ன ஆகும்?
(அதே மாமியார், மறு தபாலில்)

குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்கிறது அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம். சிறையும் உண்டு. 20 லட்சம் திர்ஹம் நம் கணக்கில் நாலு கோடி ரூபாய்க்கு மேல். அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியில் பேசச் சொல்லுங்கள். பேத்தி முகம் அதிலும் தெரியும்.

கேள்வி: நயினார்கோவிலில் உட்கார்ந்துகொண்டு விபிஎன் பற்றிப் பேச உமக்கு என்ன யோக்கியதை?
(ஒரு பொறாமைக்காரர், ராமநாதபுரம்)

முல்லா சாகிபின் வாய் பேசாத மகள், நாகநாதர் சந்நிதியில் நின்று ‘நயினாரே’ என்று வாய் திறந்த தலம் இது என்பது எங்கள் ஊர்ச் செவிவழிக் கதை. வராத குரலே வந்த ஊர் ஐயா. துபாய்க் குரல் வராதா?

கேள்வி: இலவசமாகவே நூறு விபிஎன் கிடைக்கும்போது காசு கொடுப்பவன் ஏமாளிதானே?
(பி.காம். பட்டதாரி, பரமக்குடி)

மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், பாலடின்விபிஎன், ஷீல்டுவிபிஎன், ஷைன்விபிஎன், பிராக்சிகேட். பெயரைக் கேட்டாலே பாதுகாப்பு வழிகிறதல்லவா? எல்லாம் இலவசம். இறக்கியவர்களின் கம்ப்யூட்டரைப் பின்வாசல் வழியே வெளியாருக்கு வாடகைக்கு விட்டார்கள். ‘911 எஸ்5’ என்ற இந்தக் கூட்டத்தின் பிடியில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் இருந்தன. 2024 மே மாதம் தலைவரைச் சிங்கப்பூரில் அமுக்கினார்கள். இந்த ஆறையும் கண்டுபிடித்து நீக்குவது எப்படி என்று எஃப்பிஐ தனிக் குறிப்பே போட்டது.

வாடகைக்கு எடுத்தவன் அமெரிக்காவில் மோசடி செய்கிறான். முகவரியைத் தேடினால் உங்கள் வீடு வருகிறது. தம்பி, நீங்கள் காசு கொடுக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?

கேள்வி: அரிச்சல்முனையில் நின்றால் போன் இலங்கை டவரைப் பிடிக்கிறது. விபிஎன் போட்டால் இந்தியாவுக்குத் திரும்பிவிடுமா?
(வேன் டிரைவர், ராமேஸ்வரம்)

ஐபி முகவரி திரும்பும். ரோமிங் பில் திரும்பாது. செட்டிங்ஸில் ரோமிங்கை அணையுங்கள், போதும்.

கேள்வி: அக்கரைக்காரர்களும் விபிஎன் போடுவார்களா?
(மீனவர், தங்கச்சிமடம்)

மந்திரியே போட்டார். 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கை அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியது. ஆளும் குடும்பத்தின் நாமல் ராஜபக்ச அப்போது விளையாட்டுத்துறை அமைச்சர். விபிஎன் இருக்கும்போது இந்தத் தடையெல்லாம் வீண், நானே இப்போது விபிஎன்னில்தான் இருக்கிறேன் என்று ட்விட்டரில் போட்டார். சித்தப்பா ஜனாதிபதி, அப்பா பிரதமர், மகன் விபிஎன். தடை அன்றைக்கே கழன்றது.

கேள்வி: வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். விபிஎன் கிளையண்ட் அப்டேட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ‘பிறகு’ என்று தள்ளினால் என்ன?
(ஐடி ஊழியர், நயினார்கோவில்)

விமான நிலையங்களில் பணம் மாற்றித் தருகிற ட்ராவலெக்ஸ் கம்பெனியும் பிறகு என்றுதான் தள்ளியது. அவர்கள் வைத்திருந்த பல்ஸ் செக்யூர் விபிஎன் சர்வரில் ஒரு ஓட்டை. 2019 ஏப்ரலில் அதற்கு ஒட்டு வந்தது. செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு நிறுவனம் கடிதம் போட்டே எச்சரித்தது. நவம்பர் வரை ஒட்டவில்லை. டிசம்பர் 31 இரவு, ஊரெல்லாம் புத்தாண்டு கேக் வெட்ட, கொள்ளையர் இவர்கள் கோப்புகளைப் பூட்டினார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்திருப்பார்கள் என்பது துறையினர் கணிப்பு. கவுன்டர்களில் பேனாவும் தாளும் திரும்பி வந்தன. 23 லட்சம் டாலர் கப்பம் கட்டியதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது.

அது சர்வர் பக்கம், நமக்கென்ன என்று நழுவாதீர்கள். 2024-ல் ஓபன்விபிஎன்னில் மைக்ரோசாஃப்ட் ஆட்கள் நாலு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றைக் கோத்தால் உங்கள் மெஷினே அடுத்தவன் கைக்குப் போய்விடும். 2.6.10 பதிப்பில் அடைத்தாயிற்று. நீங்கள் 2.6.9-ல் இருந்தால் அடைக்கவில்லை. சாயங்காலம் கரண்ட் போவதற்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: படம் பார்க்கும்போது ‘உங்கள் விபிஎன் பழசாகிவிட்டது, இங்கே தொடுக’ என்று வந்தது. தொட்டேன்.
(கல்லூரி மாணவர், முதுகுளத்தூர்)

நீங்கள் பார்த்த படத்தின் யோக்கியதையை நான் கேட்கவில்லை. ஆனால் உங்கள் போனில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரு வலைப்பக்கத்துக்கு எப்படித் தெரியும்? அப்டேட் செயலிக்குள்ளிருந்து வர வேண்டும், இல்லையென்றால் ஸ்டோரிலிருந்து. உடனே அதை நீக்கி, வேறு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: முகவரிப் பட்டியில் பூட்டுச் சின்னம் இருந்தால் அசல் தளம்தானே?
(ஆசிரியை, திருவாடானை)

2019-ல் நார்ட்விபிஎன் தளத்தை அச்சு அசலாக நகலெடுத்து ஒரு போலித் தளம் போட்டார்கள். அதிலும் பூட்டு இருந்தது, சான்றிதழும் செல்லுபடியானது. வழியில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்பதற்குத்தான் பூட்டு சாட்சி. எதிரில் இருப்பவன் யோக்கியன் என்பதற்கு அல்ல. இறக்கியவர்களுக்கு உண்மையான நார்ட்விபிஎன்னும் கிடைத்தது, வங்கிக் கணக்கைச் சுரண்டும் போலிக் எனும் டிராயனும் கிடைத்தது. விபிஎன் ஒழுங்காக ஓடினால் யார் புகார் செய்யப் போகிறார்கள்? திருட்டில் இதைவிட நல்ல வாடிக்கையாளர் சேவை நான் பார்த்ததில்லை.

கேள்வி: வாட்ஸப் குரூப்பில் ஒரு விபிஎன் ஏபிகே அனுப்பினார்கள்...
(பெயர் வேண்டாம், தொண்டி)

ஏபிகேயும் வேண்டாம்.

கேள்வி: பிளே ஸ்டோரில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாமா?
(செல்போன் கடைக்காரர், மண்டபம்)

10 கோடிக்கு மேல் இறக்கப்பட்ட சூப்பர்விபிஎன்னை 2020 ஏப்ரலில் கூகுளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. காரணம், பாதுகாப்பு ஓட்டை. 2025 ஜனவரியிலிருந்து, வெளித் தணிக்கையில் தேறிய விபிஎன்களுக்குச் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்துகிறார்கள். முத்திரை இல்லாததெல்லாம் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் கூகுளிடம் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: டவுன்லோடு பட்டனுக்குக் கீழே ‘ஷா-256’ என்று கன்னாபின்னாவென்று ஏதோ எழுதியிருக்கிறதே?
(டைப்பிஸ்ட், சாயல்குடி)

கோப்பின் கைரேகை. 64 எழுத்து. கோப்புக்குள் ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை முழுக்க மாறும். இறக்கிய பிறகு உங்கள் மெஷினிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். விண்டோஸுக்குள்ளேயே ‘சர்ட்யூட்டில்’ என்ற கருவி, கூலி கேட்காமல் காத்திருக்கிறது. 64-ஐயும் ஒப்பிடுங்கள். முதல் நாலும் கடைசி நாலும் பார்த்துத் திருப்திப்படுகிறவர், பத்திரிகையில் இனிஷியலை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த மண்டபத்தில் மொய் எழுதுகிறவர்.

கேள்வி: எங்கள் மென்பொருளுக்கு எம்டி5 கைரேகைதான் போட்டிருக்கிறார்கள். போதாதா?
(கணினிப் பயிற்சியாளர், கமுதி)

எம்டி5-ஐ 2004-லேயே உடைத்தாயிற்று. அதன் தம்பி ஷா-1-ஐ 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் சேர்ந்து உடைத்தார்கள். இன்னும் எம்டி5 மட்டும் போடுகிற கம்பெனி, வேறு எதையெல்லாம் 2004-லேயே நிறுத்தியிருக்கிறது என்று விசாரியுங்கள்.

கேள்வி: கைரேகை பொருந்தினால் கவலை விட்டதா?
(மறுபடியும் டைப்பிஸ்ட், சாயல்குடி)

கைரேகை எங்கிருந்து வந்தது? கோப்பு கிடக்கிற அதே பக்கத்திலிருந்து. பக்கத்தையே பிடித்தவனுக்கு 64 எழுத்தை மாற்றி எழுத எத்தனை நேரம் ஆகும்? 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் புகுந்து டவுன்லோடு சுட்டியைத் திருப்பிவிட்டார்கள். பின்வாசல் வைத்த கோப்பை ஜனங்கள் நம்பி இறக்கினார்கள்.

அதனால்தான் டிஜிட்டல் கையொப்பம். ரகசியச் சாவி தயாரிப்பாளரிடம். அது தளத்தில் கிடக்காது. சரிபார்க்கும் பொதுச் சாவி உங்களிடம். அந்தப் பொதுச் சாவியையும் அதே பக்கத்தில் எடுத்தால் பழைய கதைதான். வேறு இரண்டு இடங்களில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கையொப்பமும் சரி. இனி தூங்கலாமா?
(விடாக்கண்டர், சாயல்குடி)

2017-ல் சிசிகிளீனர் மென்பொருள் தயாரிப்புக் கூடத்திலேயே நஞ்சு கலந்தது. முறையான கையொப்பத்தோடு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, 22.7 லட்சம் மெஷின்களுக்குப் போனது. தென்கொரியாவின் ஐபேனி விபிஎன் தளத்தில் இருந்த நிறுவியிலேயே உளவு நிரல் இருந்ததை 2025 ஜனவரியில் ஈசெட் நிறுவனம் வெளியிட்டது. இப்படி ஆனால் பயனர் செய்யக்கூடியது ஒன்றுதான். சுத்தமான பதிப்பு வந்த அன்றே ஏற்றுவது. ஆகவே தூங்குங்கள், அப்டேட்டைத் தூங்கவிடாதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் விபிஎன் சட்டவிரோதமா?
(சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

நாடு முழுக்கத் தடை கிடையாது. வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் மூன்றும் இந்திய சர்வர்களை மூட்டை கட்டின. எக்ஸ்பிரஸ்காரர் இந்திய முகவரியைச் சிங்கப்பூரிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார். நம் முகவரி நமக்கே இறக்குமதி.

கேள்வி: நாலு வருஷமாகத் திறக்காத விபிஎன் ஒன்று போனில் கிடக்கிறது. கிடந்துவிட்டுப் போகட்டுமா, மாமா?
(மளிகைக் கடைக்காரர், நயினார்கோவில்)

அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் 8,800 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய். யாருமே பயன்படுத்தாத, ஆனால் மூடப்படாத ஒரு விபிஎன் கணக்கு வழியாகத்தான் 2021-ல் கொள்ளையர் உள்ளே வந்தார்கள். கடவுச்சொல் மட்டும்தான் காவல். ஓடிபி கூடக் கிடையாது. குழாய் நின்றது, பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது, கப்பம் 75 பிட்காயின்.

செயலியை நீக்குங்கள். நீக்குவதற்கு முன் கணக்கையும் மூடுங்கள். செயலி போனாலும் கணக்கு தானாக மூடாது.