சிட்டிசன்ஷிப் பெரியப்பா

நியூஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கும் தமிழர் எவருக்கும் சிட்டிசன்ஷிப் பெரியப்பாவைத் தெரியாமல் இருக்காது. ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். மகன் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டு வாங்கி, ஐந்து வருடத்தை ஓட்டி, என்-400 படிவத்தைப் போட்டுவிட்டு நேர்காணலுக்குக் காத்திருப்பவர். தலையில் குரங்குக் குல்லா, ஸ்வெட்டருக்கு மேல் மகனுடைய பழைய ஜாக்கெட், அதன் பாக்கெட்டில் ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு. காலையில் பூங்காவைச் சுற்றும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். விஷ்ணு சகஸ்ரநாமமாக்கும் என்று நாம் ஒதுங்கி வழிவிடுவோம். கிட்டே வந்தால் “மேடிசன், ஹாமில்டன், ஜே” என்று கேட்கும்.

அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சை ஒரு விசித்திரம். கேள்வித்தாளை அரசாங்கமே விடைகளோடு இலவசமாக வெளியிட்டுவிடுகிறது. நம் ஊரில் இப்படி வெளியானால் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். மொத்தம் 128 கேள்விகள். அதில் 20 வரை வாய்மொழியாகக் கேட்பார்கள், 12 சரியாக இருந்தால் பாஸ். முன்பு 100 கேள்விகள்தான். பத்து கேட்டு ஆறு சொன்னால் போதும் என்றிருந்தது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் இந்தப் புது ஏற்பாடு. பழைய நூறையும் உருப்போட்டு முடித்து, நல்ல நாள் பார்த்து நவம்பரில் படிவம் போட்ட பெரியப்பாக்கள் உண்டு. “சிலபஸை மாத்திட்டான் தம்பி” என்று அவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பொதுத்தேர்வுத் துக்கமே இருக்கும்.

அந்த அட்டைகளை வாங்கிப் பார்க்க வேண்டும். மஞ்சள் மார்க்கர், சிவப்பு அடிக்கோடு, ஓரத்தில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு. ‘கனெட்டிகட்’ என்று எழுதி, பக்கத்தில் ‘நடு சி சைலண்ட்’ என்று குறிப்பு. ‘மாசசூசெட்ஸ்’ நான்கு துண்டாக, நடுவே மூச்சு விட இடம் வைத்து. ஆரம்ப கால மாநிலங்கள் பதின்மூன்றில் ஐந்தைச் சொல்லச் சொல்கிறது கேள்வி. இவர் பதின்மூன்றையும் வடக்கிலிருந்து தெற்காகச் சொல்வார். ஒன்று கேட்டால் ஒன்றோடு நிறுத்த மனம் வராது. அடிஷனல் ஷீட் வாங்கியே பழகிய கை. 65 வயதைத் தாண்டி, கிரீன் கார்டோடு இருபது வருடம் இருந்தவர்களுக்கு நட்சத்திரக் குறி போட்ட 20 கேள்விகள் மட்டும் படித்தால் போதும் என்று சலுகை உண்டு. அப்படிப் பாஸான எதிர்வீட்டுக்காரரைப் பெரியப்பா சிட்டிசனாகவே சேர்ப்பதில்லை. “அது இம்பார்ட்டன்ட் கொஸ்டின் மட்டும் படிச்சுப் பாஸ் பண்ணின கேஸ்!”

படிக்கப் படிக்க அரசியல் சாசனத்தின் மேல் அபிப்பிராயங்களும் வளர்ந்துவிடும். “ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ரெண்டு செனட்டர், கலிபோர்னியாவுக்கும் ரெண்டா? நம்ம ராஜ்யசபாவில தமிழ்நாட்டுக்குப் பதினெட்டு, சிக்கிமுக்கு ஒண்ணு. கணக்குத் தெரிஞ்சவன் போட்டது.” சாசனத்துக்கு 27 திருத்தங்கள்தான் என்பதில் அவருக்கு ஏமாற்றம். நாம் 2023-லேயே 106-ஐ எட்டிவிட்டோமே!

ஆனால் அந்த இருபத்தேழாவது திருத்தம் என்றால் உருகிவிடுவார். எம்.பி.க்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது நடப்புக்கு வரும் என்பது அது. 1789-ல் முன்மொழிந்து, 1992-ல்தான் நிறைவேறியது. கிரிகரி வாட்சன் என்கிற டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர், இதை இப்போதும் நிறைவேற்றலாம் என்று 1982-ல் கட்டுரை எழுதிக் கொடுத்து ‘சி’ கிரேடு வாங்கினார். கோபத்தில் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதியே நிறைவேற வைத்துவிட்டார். 2017-ல் பல்கலைக்கழகம் அந்த ‘சி’யை ‘ஏ’ ஆக்கியது. “முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ரீவேல்யுவேஷன் தம்பி! இதுதான் தேசம்!” என்று கண் கலங்குவார். இது 128-ல் இல்லை. பரீட்சையில் மார்க் போன கதை என்பதால் மனசில் தங்கிவிட்டது.

நான் அறிந்த பெரியப்பா ஒருவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். நாட்டின் முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் என்பதால், தேசத் தந்தைகளில் பெஞ்சமின் பிராங்க்ளின் மட்டும் அவருக்கு ‘நம்ம டிபார்ட்மென்ட் ஆளு’. படிவத்தில் ‘எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா’ என்ற கேள்வி வந்ததும் அவருக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. ஒரு வேலைநிறுத்தத்தின்போது யாரோ கையில் திணித்த செங்கொடியைப் பத்து நிமிஷம் பிடித்திருந்தாராம். “கொடி பிடிச்சா மெம்பராடா?” என்று மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நேர்காணல் நாளும் வந்தது. கோட்டு, டை, நெற்றியில் விபூதி. அதிகாரி அம்மாள் சிரித்தபடி, “பார்க்கிங் கிடைத்ததா?” என்று கேட்டார். பெரியப்பா விறைத்துப் போனார். 128-ல் அது எத்தனையாவது கேள்வி? இப்படிப்பட்ட பேச்சில்தான் ஆங்கிலத்தையும் எடைபோடுகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நல்லவேளை, அந்த அம்மாள் பாடத்துக்குள் வந்ததும் பெரியப்பா மடை திறந்துவிட்டார். வரிசையாகப் பன்னிரண்டும் சரி. விதிப்படி அதோடு நிறுத்தி, “வாழ்த்துகள்” என்றார் அதிகாரி.

வெளியே வந்தவர் முகம் சுண்டிப் போயிருந்தது. “மிச்சம் எட்டு கேக்கவே இல்லடா. கேட்டிருந்தா சென்டம்.”

உறுதிமொழி எடுத்து, கொடியோடு போட்டோவும் எடுத்தாயிற்று. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ கார்டுக்கு எழுதியாயிற்று. அட்டைக் கட்டு பக்கத்து வீட்டுச் சம்பந்தியிடம் போய்விட்டது. பெரியப்பாவைப் பூங்காவில் பார்த்தால் நீங்களும் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். 1787 என்பார், 435 என்பார், ஜான் ராபர்ட்ஸ் என்பார். எடிசன் மேயர் யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது சிலபஸில் இல்லை.