புகைபோக்கி இருக்கலாம், புகைதான் கூடாது

அனுப்புநர்: கவுன்சில் வரி பாக்கியில்லாத ஒரு லண்டன்வாசி

பெறுநர்: எங்கள் கவுன்சிலின் சுற்றுச்சூழல், பாரம்பரியக் கட்டடம், எரிசக்தி ஆலோசனைப் பிரிவுகளின் அலுவலர்கள் (ஒரே கட்டடம், வெவ்வேறு மாடி)

பொருள்: வீட்டுக் கணப்பு – இடிக்கவும் கூடாது, மூட்டவும் கூடாது – விளக்கம் வேண்டி

பார்வை: தாங்கள் தனித்தனியே அனுப்பிய கடிதங்கள்

ஐயா, அம்மா,

நான் புகையின் கட்சிக்காரன் அல்லன். 1952 டிசம்பரில் இந்த ஊரை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். அதைக் குறைசொல்ல என் ஆஸ்துமாவே விடாது. என் வழக்கெல்லாம் ஒன்றோடொன்று பேசாத உங்கள் மேசைகளோடுதான்.

எங்கள் வீடு விக்டோரியா காலத்தது, பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. கூடத்தில் வார்ப்பிரும்புக் கணப்பு. இருபுறமும் பூப்போட்ட ஓடுகள். அனுமதியில்லாமல் அதைப் பெயர்த்தால் குற்றவழக்கு என்கிறது பாரம்பரியப் பிரிவு. அதில் நெருப்பு மூட்டிப் புகைபோக்கியில் புகை தெரிந்தால் 300 பவுண்டு வரை அபராதம் என்கிறது சுற்றுச்சூழல் பிரிவு. அங்கீகாரமில்லாத எரிபொருளை அதற்கென வாங்கினாலோ 1,000 பவுண்டு வரை. எரிப்பதைவிட வாங்குவதுதான் பெரும்பாவம் போலும்.

அங்கீகரித்த இரும்படுப்பு வைக்கலாம் என்றீர்கள். விசாரித்தேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். அடுப்பு 5 கிலோவாட்டைத் தாண்டினால் வெளிக்காற்று வரச் சுவரில் நிரந்தரத் துவாரம் வேண்டும். எரிசக்திப் பிரிவின் துண்டறிக்கையோ குளிர்காற்று நுழையும் துவாரங்களையெல்லாம் அடைக்கச் சொல்கிறது. துவாரத்தைப் போட்டு அடைப்பதா, அடைத்துவிட்டுப் போடுவதா என்று மட்டும் சொல்லுங்கள்.

விறகுக்கும் இலக்கணம் உண்டு. 2021 மே முதல் சில்லறையில் விற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அளக்க இரண்டு ஊசி வைத்த கருவி கிடைக்கிறது. கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்தினால் எண் காட்டும். 19 என்றால் விறகு, 21 என்றால் மரம்.

இதற்கிடையில் காக்கை இனத்துப் பறவை ஒன்று புகைபோக்கியில் கூடு கட்டிவிட்டது. குஞ்சு இருக்கும்வரை 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அதைத் தொட முடியாது. வாடகை தராத அதற்கு உள்ள உரிமை, வீட்டுக் கடன் கட்டும் எனக்கு இல்லை.

"மின்கணப்பு வாங்குங்களேன்" என்றார் உங்கள் தொலைபேசி அலுவலர். வாங்கினேன். பிசினில் வார்த்த கட்டைகளுக்கு அடியில் எல்இடி விளக்கு. பளபளப்பான தகடுகள் செருகிய கம்பி மோட்டாரில் சுழல, தெறிக்கும் ஒளி திரையில் தழலாய் ஆடுகிறது. விறகு படபடக்கும் ஓசைக்குத் தனிப் பொத்தான். வெப்பத்துக்கு இன்னொன்று, அதை அழுத்தினால் மணிக்கு 2 யூனிட் ஓடும். இங்கே மின்சார யூனிட் விலை காஸைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே வெப்பத்தை அணைத்துவிட்டு, கம்பளிக்குள் உட்கார்ந்து நெருப்பை வேடிக்கை பார்க்கிறோம். அதன்முன் கை நீட்டிக் குளிர்காயப் பார்த்த அம்மா கேட்டார்: "தம்பி, இதுல சேனல் மாத்த முடியுமா?"

ஆனால் தோட்டத்தில் சொக்கப்பனை கொளுத்தினால் உங்கள் புகைபோக்கி விதி பாயாது, அங்கே புகைபோக்கி இல்லையே! 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த சதி முறிந்ததைக் கொண்டாடி நவம்பர் 5 அன்று ஊரே எரிக்கிறது. அரசைத் தகர்க்க நினைத்தவனின் பெயரால் எவ்வளவும் கொளுத்தலாம். அம்மாவின் முழங்கால் வலிக்காக ஒரு கட்டை வைக்க வழியில்லை.

இரண்டாம் சார்லஸ் 1662இல் கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி போட்டார். வீட்டுக்குள் புகுந்து எண்ணிய ஆட்களை ஜனங்கள் சபித்தார்கள். 1689இல் வரி ஒழிந்தது. கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமையில் ஒரு நாணயம் இருந்தது: காசைக் கட்டினால் நெருப்பை மூட்டலாம்.

எனவே மூன்று பிரிவினரும் ஜனவரியில் ஒருநாள் மாலை எங்கள் கூடத்திலேயே கூடி, ஒரே கடிதமாக எழுதித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இஞ்சித் தேநீர் உண்டு. வரும்போது கோட்டைக் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
கணப்பின் உரிமையாளர் (பார்வைக்கு மட்டும்)