குடிவைக்கும் முன்

சென்னையில் வீட்டுக்காரர் குடிவர இருப்பவரை ஆராயும் முறை, பெண் பார்க்கும் சடங்கைவிடக் கறாரானது. முதல் கேள்வி, "சொந்த ஊர் எது?" ஊரிலிருந்து தெரு, தெருவிலிருந்து சாதி என்று விசாரணை தானாக நகரும், சாதியை நேரடியாகக் கேட்பது நாகரிகமல்ல அல்லவா? அடுத்து, "நான்வெஜ் உண்டா?" பேச்சிலர் என்றால் அதுகூடக் கிடையாது, வாசலோடு சரி. சம்பளச் சீட்டும் பழைய வீட்டுக்காரரின் போன் நம்பரும்தான் வாடகை ஒழுங்காக வருமா என்பதை ஓரளவு சொல்லக்கூடியவை. ஆகவே அவை கடைசியில் கேட்கப்படும், பல சமயம் மறந்தும் போகும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். வேறு உடன்பாடு பெரும்பாலும் தயாராக இருக்கும்.