மதுரை வாங்காமல் விட்ட பாவை

செக் நாட்டுக் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் செயற்கை மனிதர்கள் முதலாளிகளையே தீர்த்துக்கட்டுகிறார்கள். “இதெல்லாம் எங்க சிலப்பதிகாரத்துலயே இருக்கு” என்று நம்மாள் கிளம்புவான். இந்த ஒரு விஷயத்தில் அவன் விடும் கதை பாதி நிஜம்.

புகாரில் பாவை மன்றம் என்று ஓர் இடம். அங்கே நின்ற பாவை வாய் திறக்காது. அரசன் முறை தவறினாலோ, அறங்கூறு அவையில் ஓரவஞ்சனை நடந்தாலோ கண்ணீர் விட்டு அழும். சம்பளம் கிடையாது, லஞ்சம் வாங்கக் கையும் நீளாது. அப்படிப்பட்ட ஊரை விட்டுத்தான் கோவலன் கண்ணகியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பிழைக்கப் போனான். பாவை அதற்கு அழவில்லை. மாதவி வீட்டு வரவுசெலவு அதன் இலாகா இல்லை.

மதுரையிலும் பொறிகளுக்குப் பஞ்சமில்லை. அடைக்கலம் தந்த மாதரியோடு இடைச்சேரிக்குப் போன கண்ணகி, அவை நின்ற மதில் காவலைத் தாண்டித்தான் நடந்தாள். கிட்டே வந்தவனைக் கடிக்கும் குரங்குப் பொறி, கண்ணைக் கொத்தும் மீன்கொத்திப் பொறி, மதிலேறுகிறவனைக் கிழிக்கும் பன்றிப் பொறி. எல்லாம் வெளியாளுக்கு. உள்ளூர்ப் பொற்கொல்லனைக் குரங்கு என்ன செய்யும்? ராணியின் சிலம்பைத் திருடியவன் கோவலன்தான் என்ற பொய்யோடு அவன் நேராக அரண்மனைக்கே போனான். தலைவலி என்று எழுந்துபோன ராணியைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் இருந்தான் பாண்டியன். சாட்சி இல்லை, வாய்தா இல்லை. கோவலன் கதை முடிந்தது.

“நாமும் ஒரு பாவை செய்து வைப்போம்” என்று எந்த அமைச்சராவது வாயெடுத்திருந்தால், “அழுகிற பொம்மையை வைத்து எந்தப் போரில் ஜெயிக்க?” என்று உட்கார வைத்திருப்பார்கள். கடைசியில் கண்ணகி மூட்டிய தீ ஊருக்குள்ளிருந்தே கிளம்பியது. மதில் குரங்குக்கு வேலையே வரவில்லை.

கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறினாள். அது எங்கள் கூடலூருக்கு மேலே, பளியன்குடியிலிருந்து ஏறும் மங்கலதேவி மலைதான் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் அப்பீல் இல்லாத தீர்ப்பு. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் வடநாட்டு அரசர்கள் கனகவிசயர் தலையில் ஏற்றி, கூலி கொடுக்காமல் கொண்டுவந்து அவளுக்குச் சிலை வைத்தான்.

இப்போது அந்த மலையிலுள்ள கண்ணகி கோயிலுக்குப் பொதுஜனம் போக வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி. அதற்கே தேனி, இடுக்கி அதிகாரிகள் கூடிப் பேசியாக வேண்டும். கோயில் யார் மண்ணில் என்ற பஞ்சாயத்து முடிந்தபாடில்லை. புகார்ப் பாவையை அங்கே நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் அது அழ ஆரம்பித்தால் முல்லைப் பெரியாறு ஒரே ராத்திரியில் 142 அடியைத் தாண்டிவிடும். அந்தத் தண்ணீர் யாருக்கென்று இன்னொரு கேஸ் நடத்த வேண்டியிருக்கும்.