மாஸ்டருக்கு மீசை முளைக்கட்டும்

எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் கராத்தே வகுப்பு. நேற்று மாலை துணி எடுக்கப் போன என்னைப் பார்த்து, "அங்கிள், டோஜோவுக்குள்ள செருப்பு போட்டுட்டு வரக்கூடாது" என்றான் மாஸ்டர். டோஜோ என்று அவன் சொன்னது, போன கோடையில் நாங்கள் வடாம் காயப்போட்ட இடம். மாஸ்டர் படிப்பது பிளஸ் டூ. செருப்பைக் கழற்றிவிட்டேன். கறுப்பு பெல்ட்டோடு வாதாட என் முழங்கால் சம்மதிப்பதில்லை.

எந்த வயதில் ஒருவன் இந்தக் கலைகளைச் சொல்லிக்கொடுக்க வரலாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சொல்கிறேன். அதற்குமுன் கேட்டில் கட்டியிருக்கும் அந்த ஃப்ளெக்ஸ்.

பின்னால் உறுமும் புலி, இடது மூலையில் புரூஸ் லீ, வலது மூலையில் பாஸ்போர்ட் சைஸில் அவனுடைய மாஸ்டர், நடுவில் ஆளுயரத்துக்குக் கைகட்டி நிற்கும் இவன். பெயருக்குக் கீழே: சென்சாய், கிராண்ட் மாஸ்டர், உலக சாதனையாளர். உலக சாதனை என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். பானைமேல் நின்று சிலம்பம் சுற்றுவது. ஆணிப் பலகைமேல் நின்று சுற்றுவது. கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, ஸ்கேட்டிங் விட்டுக்கொண்டு சுற்றுவது, ஒற்றைக் காலில், இரட்டைக் கம்பில், தீப்பந்தத்தில், கழுத்தளவு தண்ணீரில். தனித்தனியே சுற்றினால் தனித்தனிச் சாதனை. கலந்து சுற்றினால் இன்னும் பெரிய சாதனை. கண்ணைக் கட்டிப் பானைமேல் ஒருவன் நின்றுவிட்டால், அடுத்த ஊர்க்காரன் அதே பானையை ஆணிப் பலகைமேல் வைப்பான். அதற்கடுத்தவன் ஒரு கையில் சுற்றிக்கொண்டே மறு கையால் இட்லி சாப்பிடுவான். சட்னி தனிப் பிரிவு. கராத்தேக்காரர்கள் பக்கம் ஓடு உடைப்பு. கையால், தலையால், தீ வைத்து. என் மாமனார் வீட்டுக் கூரைக்கு ஓடு கிடைக்காமல் போனதற்கு இவர்கள்மேல்தான் எனக்குச் சந்தேகம். எல்லாருக்கும் மெடல், எல்லாருக்கும் சான்றிதழ், எல்லாருக்கும் கட்டணம்.

இதையெல்லாம் பக்குவமாக அவனிடமே சொன்னேன். "ஜூடோ ஆரம்பிச்சப்ப ஜிகோரோ கானோவுக்கு 21 வயசுதான் அங்கிள்" என்றான். படித்துத் தொலைத்திருக்கிறான். 1882இல், டோக்கியோவின் ஏய்ஷோஜி கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில் கானோ பள்ளி தொடங்கியது வாஸ்தவம். ஆனால் அவருடைய குரு ஈக்குபோ அந்தப் பாய்களுக்கே வந்து மாணவர்களோடு கானோவுக்கும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியனானபிறகும் கானோ விழுந்து எழுந்துகொண்டுதான் இருந்தார். "உன் மாஸ்டர் எப்பப்பா வருவார்?" என்றேன். "பெல்ட் டெஸ்ட் அன்னிக்கு வருவார்." அன்றுதான் ஃபீஸ் கட்டும் நாளும்.

டேக்வாண்டோவில்கூட, கொரியாவின் குக்கிவோன் 15 வயது நிரம்பாதவனுக்கு 'டான்' தருவதில்லை. பாதி கறுப்பு, பாதி சிவப்பாக ஒரு பெல்ட்டைக் கட்டி 'பூம்' என்று நிறுத்திவிடும். எங்கள் மாடியில் மூன்றாம் வகுப்பிலேயே முழுக் கறுப்பு.

கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் வர்மத்தைக் கடைசியில்தான் சொல்லித் தருவார்கள், அதுவும் வருஷக்கணக்கில் ஆளை எடைபோட்டுவிட்டு. அடித்து விழுத்தத் தெரிந்தால் போதாது. விழுந்தவனை எழுப்பும் அடங்கலும் தடவுமுறையும் கைவர வேண்டும். போன வாரம் பி பிளாக் குழந்தை மணிக்கட்டு பிசகி அழுதபோது நம் கிராண்ட் மாஸ்டர் செய்த முதலுதவி, "அழக்கூடாது, ஓஸ் சொல்லு" என்பது. ஐஸ் கட்டியோடு மாடி ஏறி ஓடி வந்தவர் வாட்ச்மேன். குழந்தையின் அப்பா அந்த மாத ஃபீஸை அன்றைக்கே ஜிபேயில் அனுப்பினார். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட் டெஸ்ட். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் நான்தான் சிறப்பு விருந்தினர், பொன்னாடை உண்டாம். என்னுடைய அந்தத் தெளிவான கருத்தை அங்கேயே சொல்லிக்கொள்கிறேன். பணிவைப் பற்றி மாணவர்களுக்கு இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறான். என் அனுபவத்துக்கு இரண்டு நிமிடம் எந்த மூலைக்கு? இருபது கேட்டிருக்கிறேன்.