போதகருக்கு ஒரு போதகர்

யாழ்ப்பாணத்தில் எந்தச் சபைக்குப் புதிய போதகர் மாற்றலாகி வந்தாலும், சாமான் ஏற்றிய லொறி மிஷன் வீட்டுக்கு வந்து சேர முன்னமே படலையில் நிற்பவர் மாஸ்டர். அநேகமாக ஓய்வுபெற்ற ஆசிரியர். சில ஊர்களில் ஓய்வுபெற்ற தபாலதிபர். கையில் மனைவி கொடுத்துவிட்ட இடியப்பப் பார்சல் இருக்கும்.

“ஐயா, நான் சும்மா சொல்லுறன், பிழையா நினைக்கக் கூடாது” என்று தொடங்குவார். பிழையாக நினைக்க அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குப் போதகருக்கு அவகாசமே கிடைக்காது. நேரில் ‘ஐயா’, படலை தாண்டியதும் ‘பொடியன்’.

மாஸ்டரின் கணக்கு 1816இல் தொடங்கும். அமெரிக்க மிஷனரிமார் அந்த வருடம் வந்து இறங்கியதை, தானே பெட்டி தூக்கிக் கொடுத்தவர் மாதிரிச் சொல்லுவார். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை 1855இல் மூடியது பற்றி இன்றைக்கும் அவருக்குக் கோபம். “அமெரிக்காவிலயிருந்து ஆக்கள் வந்து பாத்திட்டு, இங்கிலீசு கூடிப்போச்செண்டு மூடினவை. நீங்களும் வந்த கையோட ஒண்டையும் மூடிப்போடாதேங்கோ.” இதற்கு மாஸ்டர் அகராதியில் பொருள்: மாதர் சங்கக் கூட்டத்தின் நேரத்தை மாற்றக் கூடாது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதற் பேராயரான சபாபதி குலேந்திரன்தான் அவருடைய அளவுகோல். அந்த அளவில் இதுவரை எந்தப் போதகரும் சித்தியடைந்ததில்லை. பிரசங்கம் பதினைந்து நிமிடம் தாண்டினால் மாஸ்டர் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடத் தொடங்குவார்; சத்தமாகத் தேடுவார். பிரசங்கம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதை அவர் விளக்கி முடிக்க நாற்பது நிமிடம் செல்லும்.

இருந்தாலும் ஆளிடம் சரக்கு இருக்கிறது. “கனடாக் காசு வருதெண்டால் உடன ஓமெண்டாதேங்கோ. ஆற்றை பேரை எதிலை எழுதச் சொல்லுகினம் எண்டு முதல் கேளுங்கோ.” கோயில் மின்விசிறிகளில் மறைந்தோர் பெயர்கள் உண்டு. சுழன்றால் தகப்பனார் பெயரை வாசிக்க முடியவில்லை என்று ஒரு குடும்பம் முறையிட, அந்த விசிறியை மட்டும் போடாமலே ஆராதனை நடத்திய ஒரு போதகரின் கதை மாஸ்டரிடம் இருக்கிறது. அவர் வியர்வையோடேயே அடுத்த சபைக்கு மாற்றலாகிப் போனாராம்.

அறுவடைப் பண்டிகை ஏலத்திலும் அவர் சொல் கேட்கத் தக்கது. “ரெண்டு மச்சான்மார் ஒரு வாழைக்குலையைப் போட்டிபோட்டு ஏத்தினால் குறுக்கை போகாதேங்கோ ஐயா. அது வாழைக்குலை இல்லை, காணி வழக்கு.”

எல்லாவற்றிலும் நான் மதிப்பது வீட்டுச் சந்திப்பு பற்றி அவர் சொல்வதை. மோட்டார் சைக்கிள் வேண்டாம், சைக்கிளில் போங்கோ என்பார். மோட்டார் சைக்கிளில் போகிறவரைப் படலையில் நிற்கும் கிழவி மறிக்க மாட்டாள். எந்த வீட்டிலும் எடுத்த எடுப்பில் ‘பிள்ளைகள் எத்தனை பேர்’ என்று கேட்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்கு முன்னும் பின்னும் எந்த வீட்டில் யார் குறைந்தது என்று மாஸ்டருக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. மற்றதையெல்லாம் மூன்று தரம் சொல்லுபவர் இதை ஒரு தரம்தான் சொல்லுவார். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்து வந்தவருக்கு அந்த ஒரு தரம் போதும்.

இவரை நிர்வாகசபையில் சேர்த்துவிட்டால் பொறுப்பு வந்து வாய் குறையும் என்று எண்ணும் புதிய ஐயாமாருக்கு ஒரு தகவல்: நிர்வாகசபைச் செயலாளரே அவர்தான்.